கட்ட வேண்டாத அறை

“பெட்டி கட்டிக் கட்டி ஒரு நாள் உனக்கு அலுத்துப்போகும். அன்னைக்கு வாயைத் திறந்து சொல்லிடணும், சரியா?”

“சரிங்க.”

கல்யாணம் நிச்சயமான வாரத்தில் ராணுவக்கார மாப்பிள்ளை கேட்டது அது. அவள் சொன்னது இது.

பதினெட்டு வருடத்தில் எட்டு வீடு மாறியாயிற்று. ஒவ்வொரு முறை லாரியின் பின்கதவைச் சாத்தும்போதும், “அலுத்துடுச்சா?” என்பார். “அதெல்லாம் இல்லைங்க” என்பாள்.

இன்று ஒன்பதாவது லாரி வாசலில் நிற்கிறது. பன்னிரண்டு மணிக்குக் கிளம்பிவிடும். மணி பதினொன்றரை.

அவளுடைய கைப்பையில் ஒரு சாவி இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு எதிரே அவள் வாடகைக்குப் பேசிவைத்திருக்கும் மாடி வீட்டுச் சாவி. போன இடமெல்லாம் தற்காலிக ஆசிரியையாகவே இருந்தவளை இந்தப் பள்ளிக்கூடம்தான் நிரந்தரமாக்கியிருக்கிறது. மகளுக்கும் இது பள்ளியில் கடைசி வருடம். இருவரும் இங்கேயே இருந்துவிட வேண்டும், அவர் மட்டும் போய்வர வேண்டும். இவ்வளவுதான் கேட்க வேண்டியது.

பன்னிரண்டு நாளாகக் கேட்கிறாள், மனதுக்குள். அவர் முகத்தைப் பார்த்தால் பேச்சை மாற்றிவிடுகிறாள். இனித் தனியாகக் கிடந்து சாப்பிடுங்கள் என்று அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது?

சொல்ல முடியாததைச் செய்துவைத்திருந்தாள். அவர் டியூட்டிக்குப் போன நேரமாகப் பார்த்து, தன் புத்தகங்களையும் மகளின் மேசைவிளக்கையும் பாத்திரத்தில் பாதியையும் பின்பக்கக் குளியலறைக்குள் அடுக்கினாள். கதவில் ‘கட்ட வேண்டாம்’ என்று தாள் ஒட்டினாள்.

கட்டக் கூடாததைக் குளியலறையில் வைப்பது ராணுவக் குடும்பங்களுக்கெல்லாம் தெரிந்த வழக்கம்தான். மூட்டை கட்டுகிறவர்கள் கண்ணில் பட்டதையெல்லாம் கட்டிவிடுவார்கள். ஒருமுறை குப்பைக்கூடையை வாழைப்பழத் தோலோடு கட்டி, அது பத்து நாள் பயணம் செய்து வந்து சேர்ந்தது. மூன்றாவது வீட்டைக் காலி செய்தபோது அவருடைய பூட்ஸைக் கட்டிவிட்டார்கள். புது முகாமில் நீல ரப்பர் செருப்போடு போய் அதிகாரி முன்னால் விறைப்பாக நின்றார். அன்றிலிருந்து கையோடு கொண்டுபோக வேண்டியதெல்லாம் குளியலறைக்குள் போய்விடும்.

அந்தச் செருப்பு மட்டும் முதல் பெட்டியில் முதல் பொருளாகப் போகும். அதைத் தன் கையால் வைப்பது அவர்தான். போகிற இடத்தில் அதைக் காலில் மாட்டினால்தான் அவருக்கு அது வீடு.

இத்தனை வருடத்தில் கட்ட வந்தவர்கள் எந்த வீட்டிலும் அந்தக் குளியலறையைத் திறந்து பார்த்ததில்லை.

“மேடம், இதையும் பார்த்துடலாமா?” சாமான் கட்டும் கம்பெனியின் சூப்பர்வைசர் பெண் கதவில் கை வைத்திருந்தாள்.

“அது எங்க சாமான். விட்டுடும்மா.”

“புது ரூல் மேடம். போன வருஷம் இப்படி விட்டுட்டுப் போனதை நாங்க தொலைச்சோம்னு ஏகப்பட்ட புகார். இனிமே கட்டாம நிக்கிற சாமானையும் எண்ணணும். ஏன் நிக்குதுன்னு எழுதிச் சீட்டு கட்டணும். நேத்தே சீட்டு கொடுத்தேனே, எழுதினீங்களா?”

சீட்டு கொடுத்தது உண்மைதான். எல்லாவற்றிலும் கட்டியிருந்தாள். ஒன்றிலும் எழுதவில்லை.

“சார், நீங்களும் வந்து நில்லுங்க. ரெண்டு பேர் கையெழுத்து வேணும்.”

அவர் கூடத்திலிருந்து பேனாவோடு வந்தார்.

இப்போதே சொல்லிவிட வேண்டும். கதவு சொல்வதற்கு முன்னால் தான் சொல்லிவிட வேண்டும். அவள் வாயைத் திறந்தாள். “ஏங்க” என்பதற்குமேல் வரவில்லை.

கதவு திறந்துகொண்டது.

சூப்பர்வைசர் உள்ளே எட்டிப் பார்த்தாள். இரண்டு பெட்டியும் ஒரு ஃப்ளாஸ்க்கும் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குடித்தனமே இருந்தது.

“புத்தகம், நாலு கட்டு. சீட்டு காலி.” சூப்பர்வைசர் குனிந்து வாசிக்கத் தொடங்கினாள். “மேசைவிளக்கு. காலி. பாத்திரம். காலி. மேடம், ஒண்ணுலயும் காரணம் இல்லையே.”

அவள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவருடைய பூட்ஸ் நுனி அசையாமல் இருந்தது. கோபம் வந்தால் அவர் கத்த மாட்டார், இப்படித்தான் நிற்பார். இல்லை, வருத்தம் வந்தாலும் இப்படித்தான்.

“அப்பாடா, இதுல ஒண்ணு எழுதியிருக்கு.” சூப்பர்வைசர் மகளின் விளக்குக்குப் பின்னாலிருந்து எதையோ இழுத்தாள். “‘லீவில் வரும்போது போட்டுக்கொள்ள.’ இது யார் எழுதினது?”

நீல ரப்பர் செருப்பு.

அவள் அதை அங்கே வைக்கவில்லை. சீட்டில் இருந்தது, பதிவேடு எழுதி எழுதிப் பழகிய அவருடைய கட்டை எழுத்து.

அவள் நிமிர்ந்தாள். அவர் பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

“நேத்து ராத்திரி சோப்பு தேடி வந்தேன்,” என்றார். பிறகு, பதினெட்டு வருடமாக லாரி வாசலில் மட்டுமே கேட்டதை, குளியலறை வாசலில் வைத்து மெல்லக் கேட்டார். “அலுத்துடுச்சா?”

வெளியே டிரைவர் ஹாரன் அடித்தான்.

“அலுத்துடுச்சுங்க,” என்றாள். “நாங்க ரெண்டு பேரும் இங்கேயே இருக்கோம். நீங்க லீவு கிடைக்கிறப்பல்லாம் வீட்டுக்கு வந்துடுங்க.”