பத்தாவது ஸ்க்ரூ

நீளமான கிட்டார் பெட்டியை ரிப்பேர்காரனின் வீட்டு மேசை மேல் வைத்தாள் அவள்.

“அறுபத்துமூணாம் வருஷத்து பேஸ் கிட்டார். பச்சைக் கலர். இதாலயே அடிச்சு, இதோட சொந்தக்காரர் மண்டையைப் பிளந்துட்டாங்களாம். அதான் சல்லிசா கிடைச்சுது.”

“பேப்பர்ல படிச்சேன். என்ன செய்யணும்?” என்றபடி சால்டரிங் அயர்னைச் சூடேற்றினான்.

“சத்தம் இன்னும் கனமா வரணும். கம்பிக்கு அடியில சத்தத்தை வாங்குற பிக்கப்பைப் புதுசாப் போடுங்க. ஆனா மேல் தகட்டுல இருக்கிற பத்து ஸ்க்ரூவும் ஒரிஜினல். ஒண்ணுகூடத் தொலையக் கூடாது.”

அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“உங்க தலையில நல்லா மிளகாய் அரைச்சுட்டாங்கம்மா! ஒன்பதுதான் ஒரிஜினல். மூலையில இருக்கறது வேற ஸ்க்ரூ.”

“பெட்டியை நான் இன்னும் திறக்கவே இல்லையே?”

சிரிப்பு பாதியில் நின்றது.

“அந்தப் பத்தாவது ஸ்க்ரூவை எங்கண்ணன் மண்டைக்குள்ள இருந்து எடுத்தாங்க. அது பேப்பர்ல வரலை. ஆளைக் கொன்ன பிறகும் உன் தொழில் புத்தி போகாம, வேற ஒண்ணைத் தேடி மாட்டியிருக்கே.”

“கிட்டாரைத் தூக்கிக்கிட்டு வெளிய போ!”

“கிட்டார் போலீஸ் ஸ்டேஷன்ல இருக்கு.”

கதவைத் தாழிட்டுவிட்டு வந்து பெட்டியைத் திறந்தாள்.

உள்ளே கோடாரி இருந்தது.