சாய்க்காத வண்டி

இந்தத் தடவையும் காலை ஊன்றிவிட்டாள்.

முன்சக்கரம் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டிப் புழுதியில் போய் நின்றது.

வண்டியை உருட்டிக்கொண்டு வேப்பமரத்தடிக்கு வந்தாள். முறைக்காகக் காத்திருந்த காலேஜ் பிள்ளைகள் செல்போனிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். மறுபடி குனிந்துகொண்டார்கள்.

சிரித்திருந்தாலாவது கோபம் வந்திருக்கும். பாவம் பார்க்கிறார்கள். அதுதான் தாங்க முடியவில்லை.

போன வார லைசென்ஸ் டெஸ்ட்டிலும் இதே கதைதான். இதே எட்டு. இதே இரண்டாவது வளைவு.

பம்பாயில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே புகுந்து வந்தவள். மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் ஓட்டியவள். இங்கே திருநெல்வேலியில், காலி மைதானத்தில், தரையில் வரைந்த ஒரு எட்டுக்குள் காலை ஊன்றிக்கொண்டு நிற்கிறாள். என்ன கொடுமை இது!

வண்டியாவது பரவாயில்லை. அது தமிழ்நாட்டு வண்டி ஆகிவிட்டது. அதற்கும் லேசில் விடவில்லை. இந்த வண்டி எங்களை விட்டுப் போவதில் ஆட்சேபணை இல்லை என்று பழைய ஊர் ஆபீஸ் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். அந்த ஊருக்கு என்ன ஆட்சேபணை இருக்கப்போகிறது? அந்த ஒற்றைத் தாளுக்கு அலையாத அலைச்சல் அலைந்தாள். அப்புறம் டிரைவிங் ஸ்கூல் சுயம்பு வண்டிக்கு அடியில் தலையை நுழைத்து, சேஸிஸ் நம்பர்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தான். பழைய நம்பர் பிளேட்டைக் கழற்றி அவள் கையிலேயே கொடுத்துவிட்டான்.

அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. சீட்டுக்கு அடியில் கிடக்கிறது.

லைசென்ஸ்தான் காலாவதியாகிவிட்டது. வீட்டுக்காரர் நோயில் கிடந்த வருஷங்களில் எது எது காலாவதியாகிறது என்று யார் பார்த்தது? அவர் போன பிறகு, ஊரையும் காலி செய்துவிட்டு வந்த பிறகு, இப்போது புதிதாக ஓட்டிக் காட்டு என்கிறார்கள்.

திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வரும் லேப் வேலை. லைசென்ஸ் இல்லாமல் வந்து நிற்காதீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். இதுவும் கைவிட்டுப் போனால் தம்பி வீடுதான் கதி. தம்பி பெண்டாட்டி நல்லவள். "இன்னொரு தோசை வைக்கட்டுமா மைனி?" என்று அவள் கேட்கும்போதே உடம்பு கூசிப்போகிறது.

அசதியாக இருந்தது. தூங்கி எழுந்தாலும் போகாத அசதி.

மரத்துக்கு அந்தப் பக்கம் சுயம்பு பிரேக் இன்ஸ்பெக்டரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தான். "சார், இன்னும் ஒரே ஒரு தடவை சார். பம்பாயில ஓட்டுன அக்கா."

இன்ஸ்பெக்டர் வாட்சைப் பார்த்தார். சரி, சீக்கிரம் என்று கையைக் காட்டினார்.

சுயம்பு ஓடி வந்தான்.

"யக்கா, நானும் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். ஹேண்டில மட்டும் திருப்புதீங்க. வண்டிய இம்புட்டுக்கூட சாய்க்க மாட்டேங்கீங்க. நட்டமா உக்காந்துக்கிட்டு எட்டு போட முடியுமா? யாருக்கா உங்களுக்கு ஓட்டச் சொல்லிக் குடுத்தது?"

யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

வீட்டுக்காரருக்கு ஒன்றுவிட்டு ஒரு நாள் டயாலிசிஸ். போகும்போது அவர் பின்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டே வருவார். சிக்னலில் குறுக்கே வருகிறவனை எல்லாம் நெல்லைத் தமிழில் திட்டுவார். திரும்பும்போது பேச்சு இருக்காது. ஹெல்மெட்டோடு அவள் முதுகில் சாய்ந்து தூங்கிவிடுவார். துப்பட்டாவால் இரண்டு பேர் இடுப்பையும் சேர்த்துக் கட்டிக்கொள்வாள். வண்டி கொஞ்சம் சாய்ந்தாலும் அவர் அந்தப் பக்கம் சரிந்துவிடுவார்.

அதனால் சாய்க்காமல் ஓட்டினாள். தளும்பத் தளும்பப் பால் கொண்டுபோகிறவள் மாதிரி. ஒவ்வொரு வளைவிலும் பின்னால் ஆட்டோக்காரன் ஹாரன் அடித்துக் கத்துவான்.

கத்தட்டும் போ என்று இருப்பாள்.

இதையெல்லாம் சுயம்புவிடம் எங்கே சொல்வது?

"சாய்ங்க யக்கா. ஒண்ணும் ஆவாது. பின்னால யாரு இருக்கா, விழுததுக்கு?"

அவன் வெள்ளந்தியாகத்தான் கேட்டான். கேட்டுவிட்டு அவள் ஹெல்மெட்டை எடுத்து நீட்டினான்.

வாங்கி மாட்டிக்கொண்டாள். வாரை இறுக்கினாள்.

கிளம்பினாள். முதல் வளைவு எப்படியோ போயிற்று. நடுவில் கோடு கோட்டை வெட்டும் இடம் வந்தது. அதையும் தாண்டினாள்.

இரண்டாவது வளைவு.

முதுகு தானாக விறைத்துக்கொண்டது. காத்திருந்தாள். முதுகில் எதுவும் முட்டவில்லை. வெறும் காற்றுதான்.

பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியைச் சாய்த்தாள்.

யாரும் விழவில்லை.

எட்டு முடிந்தது. கோட்டுக்குள்ளேயே முடிந்தது. காலேஜ் பிள்ளைகளில் யாரோ விசில் அடித்தார்கள். இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

"பாஸ் யக்கா! எறங்குங்க, எறங்கி வாங்க!" சுயம்புவுக்கு வாயெல்லாம் பல்.

அவள் இறங்கவில்லை.

இரண்டு காலையும் அகல ஊன்றி, ஹேண்டிலை இறுக்கிப் பிடித்து, வண்டி ஆடாமல் நிறுத்திக்கொண்டிருந்தாள்.

எப்போதும் அவர் இறங்கிய பிறகுதான் அவள் இறங்குவாள்.