மூக்குப் பந்து

"டாக்டர், உங்க படகுக்கு மூக்குப் பந்து இல்ல. தண்ணில இறக்க முடியாது."

படகுத்துறையில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த பாதுகாப்பு அதிகாரி இதைச் சொல்லிவிட்டுத் தாளில் ஒரு பெருக்கல் குறி போட்டார். மற்ற நாட்களில் லிஃப்ட்டுகளைப் பரிசோதிப்பது அவர் உத்தியோகம். வருடத்துக்கு ஒருநாள், ஆற்றில் நடக்கும் துடுப்புப் பந்தயத்துக்கு வந்து படகுகளைப் பரிசோதிப்பார். எதைக் கேட்டாலும் விதிப் புத்தகத்தில் ஒன்பதாம் பக்கத்தைப் பார்க்கச் சொல்வதால், படகோட்டிகள் அவருக்கு 'ஒன்பதாம் பக்கம்' என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

எதிரில் நின்றவர் பல் டாக்டர், நான்கு பெண்கள் ஓட்டும் சிவப்புப் படகின் தலைவி. மூன்று வருடமாக நீலப் படகிடம் தோற்று வருகிறார்கள். போன வருடம் தோற்றது வெறும் ஒரு சாண் தூரத்தில். இந்த முறை கோப்பையை விடுவதில்லை என்று, தினமும் கிளினிக்கை ஒரு மணி நேரம் தாமதமாகத் திறந்து பயிற்சி எடுத்திருந்தார். அதுவரை நோயாளிகள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பார்கள்.

பந்தயத்துக்கு இருபது நிமிடம்தான் இருந்தது.

மூக்குப் பந்து என்பது படகின் கூரான முனையில் செருகும் சின்ன ரப்பர் உருண்டை. படகை லாரியிலிருந்து இறக்கும்போது அது எங்கோ கழன்று விழுந்துவிட்டது. தேடாத இடமில்லை. லைஃப் ஜாக்கெட், விசில், படகு கவிழ்ந்தால் காலை விடுவிக்கும் ஷூக் கயிறு எல்லாம் சரியாகத்தான் இருந்தன. எலுமிச்சம்பழம் அளவுகூட இல்லாத ஒரு பந்துக்காக ஒரு வருட உழைப்பை ஆற்றில் கரைக்கச் சொல்கிறாரே என்று டாக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உண்மையைச் சொல்லுங்க சார். போன மாசம் உங்க கடைவாய்ப்பல்லைப் பிடுங்கினேனே, அந்தக் கோபம்தானே?"

அதிகாரி பல் போன இடத்தை நாக்கால் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். வலித்தது உண்மைதான், ஆனால் பல் வேறு, பந்து வேறு என்றார். அவரிடம் யாருக்கும் சலுகை கிடையாது. நீலப் படகின் தலைவியான கணக்கு டீச்சரைக்கூட அன்று காலை ஷூக் கயிற்றை இரண்டு முறை அவிழ்த்துக் கட்ட வைத்திருந்தார். டீச்சர் ஒரு முறை முறைத்ததோடு சரி.

டாக்டர் விடுவதாக இல்லை. வயிறு காய்ந்தால் எல்லாருக்கும் எரிச்சல்தான் வரும், காலையில் ஏதாவது சாப்பிட்டாரா என்று விசாரித்தார். இரண்டு துண்டு ரொட்டி, அதுவும் தானே வாட்டியது, வீட்டில் இன்று எல்லாருக்கும் வேறு வேலை என்றார் அதிகாரி.

"அதான் எங்க மேல பாயறீங்க."

அதிகாரி சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்தார்.

"துடுப்புப் போடறவங்க முதுகைக் காட்டிக்கிட்டுப் போறாங்க டாக்டர். முன்னாடி என்ன இருக்குன்னு தெரியாது. பக்கத்துப் படகு வழி மாறினா, அதோட மூக்கு ஈட்டி மாதிரி இறங்கும். நான் என் கண்ணால பார்த்திருக்கேன். முதுகுல பதினோரு தையல்."

சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. ஊரில் எல்லாரையும் வாயைத் திறக்கச் சொல்லும் டாக்டர், அன்று வாயை மூடிக்கொண்டார்.

பிறகு, இப்போது என்னதான் செய்வது என்று மெதுவாகக் கேட்டார். அதிகாரி ஒன்பதாம் பக்கத்தைப் பிரித்தார். பந்து குறைந்தது நான்கு சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. அதிகபட்சம் எவ்வளவு என்று போடவில்லை. எழுந்து போய் தன் ஸ்கூட்டரின் சீட்டைத் தூக்கி, உள்ளேயிருந்து ஒரு வெள்ளை ரப்பர் பந்தை எடுத்து வந்தார். சின்ன ஆரஞ்சுப் பழம் அளவு இருந்தது. கத்தியால் கீறி, படகு முனையில் செருகி, டேப்பை மூன்று சுற்றுச் சுற்றி, லிஃப்ட் கம்பியை இழுத்துப் பார்ப்பதுபோல இழுத்துப் பார்த்தார்.

சர்க்கஸ் கோமாளி மூக்குபோல இருக்கிறது என்று படகிலிருந்த பெண்கள் சிரித்தார்கள். டாக்டரின் கண் பந்தில் பதிந்திருந்த பல் தடத்தின் மேல்தான் போயிற்று.

"இந்த நாய்க்கு மேல் வரிசையில ஒரு கோரைப்பல் இல்ல சார். ஒருநாள் கூட்டிட்டு வாங்க."

எட்டு நிமிடம்தான் இருக்கிறது, முதலில் கிளம்புங்கள் என்று விரட்டினார் அதிகாரி.

இரண்டு படகும் ஒட்டிப் பிறந்தவைபோல எல்லைக்கோட்டுக்கு வந்தன. ஜெயித்தது யார் என்று கரையிலிருந்த யாருக்கும் தெரியவில்லை. கேமராக்காரர் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். சிவப்புப் படகின் கோமாளி மூக்கு ஒரு விரற்கடை முந்தியிருந்தது. பழைய சின்னப் பந்தே இருந்திருந்தால் கோப்பை இந்த வருடமும் நீலத்துக்குத்தான்.

டாக்டர் ஓடிவந்து அதிகாரியின் கையைக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். அடுத்த பல்லைக் காசு வாங்காமல் பிடுங்குவதாக வாக்கும் கொடுத்தார்.

அதற்குள் கணக்கு டீச்சர் கரையேறி நேராகச் சிவப்புப் படகிடம் வந்தார். குனிந்து, பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பல் தடத்தில் இருந்த இடைவெளியை விரலால் தொட்டார். ஆட்சேபம் சொல்லப் போகிறார் என்று பயந்து டாக்டர் ஒன்பதாம் பக்கத்தைத் தேடிப் பிரித்தார். டீச்சர் அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. அதிகாரியைத்தான் பார்த்தார்.

"ஏங்க, இது நம்ம வீட்டு நாயோட பந்துதானே?"

அதிகாரி மெதுவாகத் தலையாட்டினார். பதினோரு தையல் தழும்பு தெரிந்த முதுகின் மேல் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு டீச்சர் திரும்பி நடந்தார்.

"ராத்திரிக்கும் ரொட்டிதான். நீங்களே வாட்டிக்கோங்க."