முன் டயர்

பாண்டீஸ்வரன் காலையில் எழுவான். டீ குடிப்பான். பைக்கின் பின்னால் இரண்டு பெட்டி திராட்சையைக் கட்டிக்கொண்டு காமயகவுண்டன்பட்டியிலிருந்து கம்பம் சந்தைக்குக் கிளம்புவான். வேகம் ஐம்பதைத் தொட்டதும் ஹேண்டில்பார் உதறும். நேற்று லாரியிடமிருந்து மயிரிழையில் தப்பினான்.

மெக்கானிக் பங்கிராஸ் ஹேண்டில்பார் பேரிங்கான கோன்செட்டை இரண்டு முறை மாற்றியும் உதறல் நிற்கவில்லை. இன்று பாண்டீஸ்வரன் பெட்டிகளோடு நேரே அவர் பட்டறைக்கு வந்துவிட்டான். மனைவி ஹேமாவதி டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி, பங்கிராஸிடம் சொன்னாள்:

“முன் டயர் ரொம்பப் பெருசுண்ணே. கம்பெனி சைஸையே போடுங்க. பழம் நசுங்கக் கூடாதுன்னு இவுக பின் ஸ்பிரிங்கை லூசா வச்சிருக்காக. பின்னாடி அமுங்குனா முன்னாடி லேசாயிருது. ஸ்பிரிங்கை டைட்டா வைங்க.”

“அப்ப பழம்?” என்றான் பாண்டீஸ்வரன்.

“அடியில வைக்கோல் போடுங்க.”

“இவ இந்த வண்டியில ஏறியே வருசமாச்சு. சொல்ல வந்துட்டா.”

பங்கிராஸ் அவள் சொன்னபடியே செய்தார். பாண்டீஸ்வரன் சுமையோடு எழுபதில் போய்த் திரும்பினான். ஹேண்டில்பார் அசையவே இல்லை. அவளைப் பார்க்க அவனுக்குக் கூச்சமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

“எனக்கே பிடிபடலையே. எப்படி தாயி கண்டுபிடிச்ச?” என்றார் பங்கிராஸ்.

“மத்தியானம் இவுக தூங்குறப்ப, பெட்டியில கல்லை ரொப்பிக் கட்டி, பைபாஸ்ல ரெண்டு கையையும் விட்டு ஓட்டிப் பாத்தேண்ணே.”