அந்தப் பையன்கிட்ட நான் பேசுறேன்

"சார், ஒரு தாத்தா வந்திருக்காரு." சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே வந்தாள் உதவியாளர் மீரிம். "கல்யாணம் பண்ணிக்கப் போறாராம். அதுக்கு வரவு செலவு போட்டுத் தரணுமாம்."

"பேரனுக்கா?"

"இல்ல சார், அவருக்கேதான்!"

எர்மெக் நிதி ஆலோசகர். வீடு வீடாக ஏறி இறங்கி இன்ஷூரன்ஸ் விற்றவன். இன்று பிஷ்கெக் நகரத்தில் அவனைப் பார்க்க முன்கூட்டியே நேரம் வாங்க வேண்டும். 'கையில எவ்வளவு இருக்கு?' என்று யாரிடமும் எடுத்தவுடன் கேட்க மாட்டான். 'உங்களுக்கு என்ன ஆசை?' என்றுதான் கேட்பான். அதில் விழாத ஆளே கிடையாது.

பெரியவர் வந்தார். இஸ்திரி போட்ட கோட்டு, தலையில் வெள்ளைக் கம்பளித் தொப்பி, அறை முழுக்க செண்ட் வாசனை. பெயர் ஜுமாபய். டிராலி பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். மனைவி போய்ப் பல வருஷமாயிற்று.

"சொல்லுங்க பெரியவரே, உங்களுக்கு என்ன ஆசை?"

பெரியவர் காது மடல்வரை சிவந்தார். "அவளுக்கு ஒரு மோதிரம் வாங்கணும். ஏரிக்கரையில ஒரு வாரம் தங்கணும். அப்புறம் விருந்துக்குப் பாட்டுக்காரங்க கண்டிப்பா வேணும். அவ நல்லா ஆடுவா தம்பி!"

"பென்ஷன் வருது, சொந்த வீடு இருக்கு, வேற என்ன வேணும்? ஜமாய்ச்சிரலாம்! மோதிரத்தை இன்னிக்கே வாங்கிடுங்க. தங்கம் ஏறிட்டே போகுது."

"அவ மகன் ஒத்துக்க மாட்டான்னு பயப்படறா."

"அவனுக்கு என்னவாம்?"

"பேரப்பசங்களை அவதான் பார்த்துக்கறா."

"அதானே பார்த்தேன்! சம்பளமில்லாத ஆயா போயிடுவாங்களேன்னு துரைக்குக் கவலை. இந்த மாதிரி ஆளுங்களை நான் நிறையப் பார்த்திருக்கேன் பெரியவரே. சுயநலம் பிடிச்சவனுங்க. போனைப் போடுங்க. அந்தப் பையன்கிட்ட நான் பேசுறேன்."

பெரியவர் தயங்கித் தயங்கித் தன் போனை அழுத்தினார்.

மேஜைமேல் கிடந்த எர்மெக்கின் போன் அடித்தது. தெரியாத நம்பர். "நேரங்காலம் தெரியாம எவனோ..." என்று கட் செய்தான்.

"கட் பண்ணிட்டாரு தம்பி."

"பார்த்தீங்களா திமிரை! விடாதீங்க, மறுபடி அடிங்க."

அடித்தார். எர்மெக்கின் போன் அதிர்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து போய் டீக் கோப்பையில் இடித்தது. அவன் போனைப் பார்த்தான். பெரியவரைப் பார்த்தான். மறுபடி போனைப் பார்த்தான்.

"எ... எங்கம்மாவா?"

"உங்கம்மா புருல்தான் அனுப்பினா" என்றார் பெரியவர் நெளிந்தபடி. "'வீட்ல கேட்டா குதிப்பான். ஆபீசுக்குப் போங்க, அங்கதான் அவன் நல்லாப் பேசுவான்'னு சொன்னா."

வாசலில் நின்ற மீரிம் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

"அது வந்து பெரியவரே..." எர்மெக் போனைக் கவிழ்த்து வைத்தான். "இப்போ சந்தை நிலவரம் சரியில்லையே!"

காரை விரட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனான். கூடத்தில் அம்மா சிவப்புச் சால்வையைச் சுழற்றி ஆடிக்கொண்டிருந்தாள். பேரன்கள் இரண்டு பேரும் தட்டைத் தட்டித் தாளம் போட்டார்கள்.

"அம்மா!"

அம்மா அப்படியே நின்றுவிட்டாள். மிட்டாய் திருடி மாட்டிக்கொண்ட பிள்ளைபோல் சால்வையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

கத்தத்தான் வந்தான். ஊரில் உள்ளவர்களிடமெல்லாம் கேட்கிற கேள்வியை இவளிடம் ஒருநாளும் கேட்டதில்லையே என்று அப்போதுதான் உறைத்தது.

"அம்மா... நிஜமாவே அவரை உனக்குப் பிடிச்சிருக்கா?"

"வந்தாரா?" அம்மாவின் கண் மின்னியது. "மோதிரத்தைப் பத்தி ஏதாவது பேசினாராடா?"

எர்மெக்குக்குச் சிரிப்பு பீறிட்டது. "இன்னிக்கே வாங்கச் சொல்லிட்டேன்!"

கல்யாண விருந்து அமர்க்களப்பட்டது. கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு மாப்பிள்ளையோடு சேர்ந்து ஆடினான் எர்மெக். மூச்சு வாங்கத் தண்ணீர் குடிக்க ஒதுங்கியபோதுதான், பக்கத்து வீட்டுப் பெண்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது.

"மருமக பலே ஆளுடீ. மாமியாரைப் பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போய் அந்தக் கிழவரைப் பழக்கி விட்டதே அவதானாம்."

"பின்னே? மாமியாரை எவ்வளவு நைசா வெளியேத்திட்டா பாரு!"

எர்மெக்கின் முகம் வாடியது. மனைவி பெர்மெத்தைத் தனியாக இழுத்துப் போனான்.

"நிஜமா? நீதான் மாப்பிள்ளை பார்த்தியா?"

"ஆமா. பசங்களுக்கு நர்சரியில இடமும் பார்த்துட்டேன்."

"எங்கம்மா நம்ம வீட்ல இருந்தது உனக்கு அவ்வளவு பாரமாவா இருந்துச்சு?"

பெர்மெத் மேஜைப் பக்கம் கை காட்டினாள். மணமகளை நாற்காலியில் உட்கார வைத்து, ஆவி பறக்கும் புலாவைத் தட்டில் அள்ளி வைத்துக்கொண்டிருந்தார் ஜுமாபய்.

"இவருக்கு முன்னாடி ரெண்டு பேரைப் பார்த்தேங்க. ஒருத்தருக்குக் கடை இருக்கு, இன்னொருத்தருக்குத் தோட்டம் இருக்கு. ரெண்டு பேருக்கும் டீ போடக்கூடத் தெரியல, வேணாம்னுட்டேன். நம்ம வீட்ல நான் எவ்வளவு கெஞ்சியும் அத்தை உட்கார்ந்து சூடா ஒரு வாய் சாப்பிட்டதில்லைங்க. இனிமேலாவது சாப்பிடட்டும்."