பாதி வேலை

"உங்க காரை இறக்கின புண்ணியவான் யாரும்மா?"

தெரிந்துகொண்டேதான் கேட்டார் வீல் அலைன்மென்ட் கடைக்காரர். எதிரே நின்ற கார் தரையோடு தரையாகத் தாழ்ந்திருந்தது. முன்சக்கரங்கள் இரண்டும் காலை அகட்டி நிற்கும் பிள்ளை மாதிரி சாய்ந்திருந்தன.

"இதே தெருவுல அந்தக் கோடியில இருக்கிற ஒர்க்‌ஷாப்தான்," என்றாள் காருக்குச் சொந்தக்காரி. நர்ஸ். டியூட்டி முடிந்து சீருடையோடு வந்திருந்தாள். "கார் தாழ்வா இருந்தா அழகா இருக்கும்னு ரொம்ப நாள் ஆசை. ஆனா இப்ப ஸ்டியரிங்கை நேரா பிடிச்சாலும் வண்டி இடது பக்கமே போகுது."

"போகாம என்ன பண்ணும்? ஸ்பிரிங்கை மாத்தி இறக்கினா சக்கரத்தோட கோணம் மாறிடும். கையோட அதைச் சரி பண்ணணும். இப்படியே ஓட்டினா டயர் உள்பக்கம் மட்டும் தேஞ்சு மொட்டையாயிடும்."

"அலைன்மென்ட் இங்க பண்றதில்லை, நேரா முனைக் கடைக்குப் போங்கன்னார்."

"அதானே. பாதி வேலை பார்த்துட்டு மீதியை அடுத்தவன் தலையில கட்டறது. அந்த ஆளு என்னிக்குமே அப்படித்தான்."

'அந்த ஆளு' வேறு யாருமில்லை, கடைக்காரரின் கூடப் பிறந்த அண்ணன். ஒரே ஷெட்டில் சேர்ந்து வேலை பார்த்தவர்கள். நல்லா ஓடுகிற வண்டியை மண்டி போட வைக்கும் வேலை நமக்கு வேண்டாம் என்றார் தம்பி. ஆசைப்பட்டுக் கேட்பவர்களுக்குச் செய்து கொடுத்தால் என்ன தப்பு என்றார் அண்ணன். பேச்சு முற்றி, இனி உன் முகத்திலேயே விழிக்க மாட்டேன் என்று தம்பி வெளியேறி இந்தக் கடையைப் போட்டார். அன்றிலிருந்து தெருவில் எதிரெதிரே வந்தால்கூட ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இவர் கடைக்கு வருவதில் முக்கால்வாசி அண்ணன் இறக்கி அனுப்பும் கார்கள்தான். அதற்காக வாய் சும்மா இருக்குமா? ஒவ்வொரு காருக்கும் அண்ணனுக்கு ஒரு அர்ச்சனை உண்டு.

காரை மேடையில் ஏற்றி, நான்கு சக்கரங்களிலும் கருவியை மாட்டினார். திரை முழுக்கச் சிவப்பு எண்கள். அடியில் புகுந்து நட்டைத் தளர்த்தி, கம்பியை மயிரிழை திருகி, எழுந்து வந்து திரையைப் பார்த்து, மறுபடி புகுந்தார். வாய் அண்ணனைத் திட்டிக்கொண்டே இருந்தாலும் கை அவசரப்படவில்லை.

எல்லாம் பச்சையானதும் நர்ஸ் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தாள். கார் கோடு போட்ட மாதிரி நேராகப் போனது.

அவள் சந்தோஷமாக இறங்கியதும் கடைக்காரருக்கு ஒரு யோசனை வந்தது.

"போன்ல கடைகளுக்கு ஸ்டார் போடலாமே, அந்த ஒர்க்‌ஷாப்புக்கு ஒண்ணே ஒண்ணு போடுங்கம்மா. அலைன்மென்ட் மெஷின்கூட இல்லாம தொழில் பண்றார், பாதி வேலைதான்னு எழுதுங்க. நாலு பேர் உஷாராவாங்க. அப்புறம் எவனும் அங்க போக மாட்டான்."

அலைந்த அலுப்பு அவளுக்கும் இருந்தது. சொன்னபடியே எழுதிவிட்டாள். அனுப்பும்போது மட்டும் விரல் தயங்கியது.

"எதுக்கும் அவரை ஒரு வார்த்தை கேட்டுடறேன். பிழைப்பு விஷயம், பாவம்."

"தாராளமா கேளுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. என்ன சாக்கு சொல்றார்னு நானும் கேக்கறேன்."

அண்ணன் குரல் உடனே வந்தது. "அலைன்மென்ட் ஆச்சாம்மா? ஸ்டியரிங் நேரா நிக்குதா?"

"நிக்குது சார்."

"நிக்கும். அந்தக் கை அப்படி."

துணியில் கை துடைத்துக்கொண்டிருந்த கடைக்காரர் நிறுத்தினார்.

"இவ்வளவு தெரிஞ்ச நீங்க ஒரு மெஷின் வாங்கிப் போடக் கூடாதா சார்? ரெண்டு இடம் அலைய வேண்டியிருக்கு."

"மெஷின் இருக்கும்மா. மூலையில உறை போட்டு மூடி வச்சிருக்கேன்."

"ரிப்பேரா?"

"புத்தம் புதுசு. என் தம்பிக்குன்னு வாங்கினது. அது வந்து இறங்கறதுக்குள்ள கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான்."

"அப்ப நீங்களே ஓட்டலாமே?"

"நான் ஓட்டினா, முனைக் கடையில அவன் ஈ ஓட்டணும்மா."

நர்ஸ் நிமிர்ந்து கடைக்காரரைப் பார்த்தாள். அவர் தலை குனிந்திருந்தது.

போனில் அண்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இதை அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. ரோஷக்காரன். வர்ற வண்டியையும் திருப்பி அனுப்பிடுவான்."