குண்டக்காவின் பிடி

"வலி தாங்கலைன்னா எதிராளி முதுகுல ரெண்டு தட்டு தட்டணும். தட்டு விழுந்தா உடனே பிடியை விட்டுடணும். பிரேசிலியன் ஜியு ஜிட்சு மல்யுத்தத்துல இதுதான் முதல் பாடம்" என்றார் மாஸ்டர்.

புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்குக் கண் தெரியாது. "நான் யாரோட பழகறது மாஸ்டர்?" என்று கேட்டாள்.

"மூலையில நம்ம குண்டக்கா இருக்காங்க. அதிகம் பேச மாட்டாங்க. அவங்களைப் பிடிச்சுப் பழகு."

மற்றவர்கள் களுக்கென்று சிரித்தார்கள். மாஸ்டர் அவளை மூலையில் கொண்டுபோய் விட்டுவிட்டு, சிரித்தவர்களை விரட்டி வேலை வாங்கப் போனார்.

வகுப்பு முடிந்து அம்மா கூட்டிப்போக வந்தபோது அவளுக்கு முகமெல்லாம் பூரிப்பு.

"குண்டக்கா தங்கமானவங்க மாஸ்டர்! கழுத்தைப் பிடிச்சு இறுக்கினப்போ பயந்துட்டேன். ரெண்டு தட்டு தட்டினேன், சட்டுனு விட்டுட்டாங்க. கைதான் ஐஸ் மாதிரி இருந்துச்சு."

மாஸ்டருக்குச் சங்கடமாகிவிட்டது.

"மன்னிச்சுக்கோம்மா. விளையாட்டா சொல்லிட்டு, உன்கிட்ட விளக்கவே மறந்துட்டேன். குண்டக்கா ஆளே இல்ல. பழகறதுக்கு வெச்சிருக்கிற துணிப் பொம்மை."

"கண்ணு தெரியாதவன்னு என்னை ஓட்டாதீங்க மாஸ்டர்" என்று சிரித்துக்கொண்டே அம்மாவின் கையைப் பிடித்துக் கிளம்பினாள்.

எல்லோரும் போனபின், பொம்மையை அலமாரியில் வைப்பதற்காக மாஸ்டர் தூக்கினார். நல்ல கனம். நழுவிவிடாமல் இருக்க நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக்கொண்டார்.

அவர் முதுகில் மெதுவாக இரண்டு தட்டு விழுந்தது.

பழக்க தோஷம், கைகள் தாமாகவே பிடியை விட்டன.

குண்டக்கா கீழே விழவில்லை.